அடுத்த ஏழு நாள் மழை உண்டா?

வேதாரண்யம் கேட்கும் கேள்வி. வானிலை நிலையம் சொல்லும் பதில்

மழை வருமா? வராதா?

பட்டணத்தில் இதைக் கேட்பவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவதா, வேண்டாமா என்பதற்காகக் கேட்கிறார். வேதாரண்யத்தில் கேட்பவர் அப்படி அல்ல. அவருக்கு அது பணக் கணக்கு. சில சமயம் உயிர்க் கணக்கு.

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் சிறிய ஊர் வேதாரண்யம். முப்பதாயிரம் பேருக்கு மேல் வசிக்கும் நகராட்சி. கிழக்கே வங்கக் கடல். தெற்கே கோடியக்கரை. சென்னையிலிருந்து வடக்கு தெற்காக ஓடிவரும் கடற்கரை, கோடியக்கரையில் சடாரென்று மேற்கே திரும்புகிறது. அங்கிருந்து பார்த்தால் பாக் ஜலசந்தி. அதற்கு அப்பால் அறுபது கிலோமீட்டருக்குள் இலங்கை.

இப்படி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. கடலில் எந்தத் திக்கிலிருந்து காற்று வந்தாலும் இந்த ஊரைத் தொடாமல் போகாது.

ஐப்பசி பிறக்கும் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். ஆங்கிலக் கணக்கில் அக்டோபர் 20-ந் தேதியை ஒட்டி. டிசம்பர் முடிய இந்தப் பருவம். தமிழ்நாடு ஓர் ஆண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, இந்த மூன்று மாதத்தில் பெய்துவிடுகிறது. மாநில சராசரி சுமார் 44 சென்டிமீட்டர். கடலோர மாவட்டங்களில் இதைவிட மிக அதிகம்.

ஆகவே இந்த மூன்று மாதமும் வேதாரண்யத்துக்காரர்கள் வாரா வாரம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அடுத்த ஏழு நாள் எப்படி?"

ஒரே மழை, நான்கு பேச்சு

வேதாரண்யத்தில் நான்கு பேரிடம் போய் "மழை வரப் போகிறது" என்று சொன்னால் நான்கு விதமான பதில் கிடைக்கும்.

முதலாவது, உப்பளக்காரர்.

தமிழ்நாட்டில் உப்பு விளைச்சலில் தூத்துக்குடிக்கு அடுத்த இடம் வேதாரண்யத்துக்குத்தான். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்புப் பாத்திகள். 1930-ம் ஆண்டு ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து, வெள்ளைக்காரன் சட்டத்தை மீறி உப்பு அள்ளினாரே, அந்த இடம்தான் அகஸ்தியம்பள்ளி.

உப்பு வெயிலின் பிள்ளை. உப்பு நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, நாள் கணக்கில் வெயிலில் காய்ச்ச வேண்டும். தண்ணீர் வற்ற வற்ற உப்பு அடியில் பூக்கும். அதை வாரி அம்பாரமாகக் குவிப்பார்கள். தை, மாசியில் தொடங்கும் வேலை, புரட்டாசி வாக்கில் முடியும்.

நடுவில் ஒரு மழை விழுந்தால் என்ன ஆகும்? விளைந்த உப்பு கரைந்து போகும். தண்ணீரை வெளியே இறைக்க வேண்டும். சேறான பாத்தியை மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பிறகு முதலிலிருந்து உப்பு நீர் காய்ச்ச வேண்டும். அரை மணி நேர மழை, ஒரு வாரம் பத்து நாள் வேலையை அடித்துக்கொண்டு போய்விடும். பாத்தியில் வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை.

பருவமழை நெருங்கும்போது, குவித்த உப்பை மேட்டுக்குக் கொண்டுபோய் ஓலை, தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். எந்த வாரம் மூடுவது? சீக்கிரம் மூடிவிட்டால் நல்ல வெயில் வீணாகும். தாமதித்தால் உப்பே வீணாகும். இதுதான் அவருடைய சூதாட்டம்.

இரண்டாவது, நெல் விவசாயி. இவர் மழையைக் கும்பிட்டு அழைப்பவர். காவிரியின் கடைமடை இது. மேட்டூரில் திறந்த தண்ணீர் வழியெல்லாம் பாய்ந்து, மிச்சம் இருப்பதுதான் இங்கே வந்து சேரும். வானத்தை நம்பி விதைப்பவர்களே அதிகம்.

ஆனால் இவருக்கும் மழை அளவோடு வர வேண்டும். யூரியா போட்ட மறுநாள் பெரிய மழை வந்தால், போட்ட உரம் தண்ணீரோடு போய்விடும். மூட்டைக்குக் கொடுத்த காசு கடலில் சேர்ந்துவிடும். பயிர் நாலைந்து நாளைக்கு மேல் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் வேர் அழுகும். கடைமடை என்பதால் வரும் இன்னொரு தொல்லை இது: மேலே உள்ள ஊர்களில் பெய்த மழையும் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, முள்ளியாறு வழியாகக் கடலுக்குப் போக இந்தப் பக்கம்தான் வர வேண்டும். கடல் பொங்கி நிற்கும்போது ஆற்றுத் தண்ணீர் வடியாது. உள்ளூரில் தூறல்கூட இல்லாத நாளில் வயல் மூழ்குவது இதனால்தான்.

மூன்றாவது, மீனவர். இவர் மழையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. காற்றைப் பற்றித்தான் கேட்பார். அக்டோபர் முதல் மார்ச் வரை கோடியக்கரையில் மீன்பிடி பருவம். வேறு ஊர் மீனவர்கள்கூடப் படகோடு வந்து கரையில் குடிசை போட்டுத் தங்குவார்கள். நல்ல மீன் கிடைக்கும் காலமும், புயல் வரும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்று அறிவிப்பு வந்தால் படகு கரையில்தான்.

நான்காவது, பூ விவசாயி. வேதாரண்யம் சுற்று வட்டாரத்து முல்லைக்கு நல்ல பெயர். மொட்டு விரிவதற்கு முன்னால் பறித்தாக வேண்டும். நனைந்த மொட்டு சந்தைக்குப் போகும் முன்பே நிறம் மாறிவிடும். அதைத் தலையில் வைக்க யார் வாங்குவார்கள்?

எங்கிருந்து வருகிறது செய்தி?

வானிலையைக் கணித்துச் சொல்லும் பொறுப்பு இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு உரியது. 1875-ல் ஆரம்பித்த இலாகா. தமிழ்நாட்டுக்கு அதன் தலைமை இடம் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது.

வேதாரண்யத்துக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் காரைக்கால். அங்கே இரண்டு முக்கியமான சாதனங்கள் இருக்கின்றன.

ஒன்று, பலூன். காலை ஐந்தரை, மாலை ஐந்தரையை ஒட்டி இதை வானத்தில் பறக்க விடுவார்கள். உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் இப்படிப் பலூன் விடும் நிலையங்களில் காரைக்காலும் ஒன்று. பலூனில் ஒரு சிறு பெட்டி தொங்கும். மேலே போகப் போக எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அந்தப் பெட்டி ரேடியோ மூலம் சொல்லிக்கொண்டே போகும். கடைசியில் பலூன் வெடித்துவிடும். பெட்டி எங்கோ விழும்.

மற்றொன்று, ராடார். இது மேகத்தை நோக்கி ரேடியோ அலையை வீசும். மழைத் துளியில் பட்டு அலை திரும்பி வரும். எவ்வளவு தூரத்தில், எவ்வளவு கனத்த மழை, அது எந்தப் பக்கம் நகருகிறது என்று இதில் தெரியும். "அடுத்த மூன்று மணி நேரத்தில் நாகை மாவட்டத்தில் மழை" என்று செய்தி வருகிறதல்லவா? அதற்கு ராடார்தான் கண்.

இவை தவிர, 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இன்சாட் செயற்கைக் கோள்கள் மேகத்தைப் படம் பிடித்து அனுப்புகின்றன. 2024 பிப்ரவரியில்கூட இன்சாட்-3டிஎஸ் என்று ஒன்றை ஏவினார்கள்.

இத்தனை தகவலையும் பெரிய கம்ப்யூட்டரில் கொட்டுகிறார்கள். அது பூமியைச் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று இனி என்ன செய்யும் என்று கணக்குப் போடுகிறது. முன்பு இந்தியா பயன்படுத்திய முறையில் ஒரு கட்டம் 12 கிலோமீட்டர். 2025 மே மாதம் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு முறையில் அது 6 கிலோமீட்டர் ஆயிற்று.

வேதாரண்யம் போன்ற சின்ன ஊருக்கு இது பெரிய விஷயம். பழைய கட்டத்தில் ஊர், உப்பளம், காடு, கடல் எல்லாம் ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடும். கட்டம் சிறிதாகச் சிறிதாக, கடலையும் கரையையும் கம்ப்யூட்டர் பிரித்துப் பார்க்கும்.

"ஓரிரு இடங்களில்" என்றால் என்ன?

வானிலை அறிக்கையைப் படிக்கிறவர்களில் பலர் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அதிலுள்ள வார்த்தைகள் வாய்க்கு வந்தபடி எழுதியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் அளவு இருக்கிறது.

"ஓரிரு இடங்களில் மழை" என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் நூற்றுக்கு 25-க்கு மேல் நனையாது என்று அர்த்தம். "ஒருசில இடங்களில்" என்றால் 26 முதல் 50. "அநேக இடங்களில்" என்றால் 51 முதல் 75. "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல்.

இப்போது நாகை மாவட்டத்துக்கு "ஓரிரு இடங்களில் கனமழை" என்று அறிக்கை வந்ததாக வைத்துக்கொள்வோம். திருக்குவளையில் கொட்டித் தீர்த்தது. வேதாரண்யத்தில் வெயில். அறிக்கை பொய்யா? இல்லை. அது சொன்னபடியேதான் நடந்தது!

டீக்கடையில் இந்தக் கணக்கு செல்லுபடியாகாது. அங்கே பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"மாமா, இன்றைக்குக் கனமழை என்று போட்டிருக்கிறானே?"

"போன வாரமும் அப்படித்தான் போட்டான், மாப்பிள்ளை. நம் ஊரில் ஒரு சொட்டு விழுந்ததா? போய் வேலையைப் பார்!"

மாமா மேலும் குற்றமில்லை. அறிக்கை மாவட்டத்துக்கு. அவர் இருப்பது ஊரில். மாவட்டத்துக்குச் சொன்ன சொல்லை ஊருக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

அதேபோல் "கனமழை" என்ற சொல்லுக்கும் அளவு உண்டு. காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணி வரை பெய்த மழையைச் சேர்த்து அளப்பார்கள். அது 6.45 சென்டிமீட்டரைத் தொட்டால் கனமழை. 11.56-ஐத் தொட்டால் மிக கனமழை. 20.44-ஐத் தாண்டினால் அதி கனமழை.

ஆறு சென்டிமீட்டர்தானே, அரை முழம்கூட இல்லையே என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 40,000 லிட்டருக்கும் மேல். 6.45 சென்டிமீட்டர் என்றால் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் லிட்டர். 10,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி 26 வரிசையாக வந்து ஒரே ஏக்கரில் கொட்டியதற்குச் சமம்! அந்தத் தண்ணீர் வடிய வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், பயிர் என்ன செய்யும்?

செல்போனில் வரும் "70 சதவிகிதம் மழை" என்ற கணக்கு வேறு. நாள் முழுவதும் 70 பங்கு மழை பெய்யும் என்பதல்ல. ஊரில் 70 பங்கு நனையும் என்பதும் அல்ல. இதே மாதிரி அறிகுறி உள்ள பத்து நாளில் ஏழு நாள் மழை பெய்யலாம், மூன்று நாள் பெய்யாமல் போகலாம் என்பதே அதன் பொருள். அந்த மூன்று நாளில் ஒன்றாக இன்று இருந்தால், துணி காய்ந்துவிடும்.

ஏழாம் நாளை நம்பலாமா?

நாளைக்கு மழை என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். மூன்றாம் நாள் வரை ஓரளவு கணக்கு நிற்கும். ஏழாம் நாளுக்கு, "மழைக்கு வாய்ப்புள்ள வாரம்" என்று தெரிந்துகொள்ளலாமே ஒழிய, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேதாரண்யத்தில் மழை" என்று முடிவு கட்ட முடியாது.

ஏன் இப்படி? இதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. கதை என்றாலும் நடந்தது.

1961-ல் அமெரிக்காவில் எட்வர்டு லோரன்ஸ் என்ற விஞ்ஞானி கம்ப்யூட்டரில் வானிலைக் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். பழைய கணக்கு ஒன்றைத் திரும்பப் பார்க்க விரும்பி, நடுவிலிருந்து எண்ணைக் கொடுத்தார். உண்மையான எண் 0.506127. அவர் சுருக்கி 0.506 என்று கொடுத்துவிட்டு, காபி குடிக்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் ஆச்சரியம்! முதலில் இரண்டு கணக்கும் ஒன்றாகவே போயின. பிறகு கொஞ்சம் விலகின. கடைசியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம், முழு வானத்தையே மாற்றிவிட்டது.

வங்கக் கடல் நடுவே எத்தனை வெப்பமானி இருக்கிறது? எத்தனை இடத்தில் காற்றை அளக்க முடிகிறது? அளக்காத இடம்தான் அதிகம். முதல் நாள் இருக்கும் சிறு பிழை, ஏழாம் நாளுக்குள் பூதமாக வளர்ந்துவிடும். இன்று விஞ்ஞானிகள் ஒரே கணக்கைப் போடாமல், ஆரம்ப எண்ணைச் சிறிது மாற்றி மாற்றிப் பல கணக்குகள் போடுகிறார்கள். எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால் தைரியமாகச் சொல்லலாம். ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினால், காத்திருக்க வேண்டும்.

ஆனால் முன்னேற்றம் இல்லாமல் இல்லை. இருபது ஆண்டுக்கு முன் மூன்று நாளுக்குச் சொன்ன துல்லியத்தை, இன்று ஐந்து நாளுக்குச் சொல்ல முடிகிறது.

கஜா வந்த வாரம்

வேதாரண்யத்துக்காரர்கள் மறக்க முடியாத வாரம் ஒன்று உண்டு. 2018 நவம்பர் இரண்டாம் வாரம்.

அந்தமான் பக்கம் தோன்றிய காற்றழுத்தம், 11-ந் தேதி புயலானது. 'கஜா' என்று பெயர் வைத்தார்கள். யானை! புயல் எங்கே போகும்? கடலூருக்கும் ஸ்ரீஅரிகோட்டாவுக்கும் இடையே, 15-ந் தேதி கரையைக் கடக்கலாம் என்று அன்று சொன்னார்கள். அதாவது வேதாரண்யத்துக்கு வெகு வடக்கே.

இரண்டு நாள் கழித்து அறிக்கை மாறியது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றார்கள். இது 250 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள கடற்கரை. வேதாரண்யம் அதற்கு நடுவில் வந்துவிட்டது!

கடைசியில், 16-ந் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே யானை கரை ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர். அவ்வப்போது 145.

விடிந்தபோது ஊர் அடையாளம் தெரியவில்லை. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்சாரக் கம்பங்கள் முறிந்தன. தமிழகத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இந்த வாரத்தை ஏழு நாள் முன்னறிவிப்பு என்ற கண்ணோடு பார்க்க வேண்டும். ஐந்து நாளுக்கு முன் சொன்ன இடம் தவறியது. இரண்டு நாளுக்கு முன் சொன்னது சரியாக இருந்தது. அந்த இரண்டு நாள் போதுமானதாக இருந்ததா?

மனிதர்களுக்குப் போதுமானதாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அப்படிச் செய்திராவிட்டால் சாவு எத்தனை ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

தென்னைக்குப் போதவில்லை. இரண்டு நாள் அல்ல, இரண்டு மாதம் முன்பே சொல்லியிருந்தாலும் தென்னையை எங்கே தூக்கிக்கொண்டு போவது? வைத்த கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அந்த ஏழு ஆண்டுக்கு வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்விக்கு வானிலை இலாகா பதில் சொல்ல முடியாது. அது சர்க்கார் சொல்ல வேண்டிய பதில்.

மாறிய அறிக்கைகள்

கஜாவுக்குப் பிறகும் வானம் விஞ்ஞானிகளைச் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறது.

2024 நவம்பரில் ஃபெஞ்சல். முதலில் புயலாகும் என்றார்கள். பிறகு ஆகாது என்றார்கள். மறுநாள் ஆகிவிட்டது! 30-ந் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்ததோ புதுச்சேரியில். ஆனால் அதற்கு மூன்று நாள் முன்பே, அது இலங்கையை ஒட்டி நகர்ந்தபோது, நாகை மாவட்டத்துச் சம்பா வயல்களில் தண்ணீர் நின்றுவிட்டது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா. இலங்கையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பிறகு கோடியக்கரைக்குக் கிழக்கே கடலிலேயே வடக்கு நோக்கி நகர்ந்து, புயலாகக் கரை ஏறாமல் வலுவிழந்தது.

இந்த இரண்டிலிருந்தும் ஒன்று தெரிகிறது. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதை மட்டுமே ஜனங்கள் கேட்கிறார்கள். டெலிவிஷனும் அதையே விடிய விடியக் காட்டுகிறது. வேதாரண்யத்துக்கு அது பாதிக் கேள்விதான். காற்று வராமல் மழை மட்டும் வந்தாலும் இந்த ஊருக்கு நஷ்டம் உண்டு. "புயல் நமக்கு இல்லை" என்று கேட்டவுடன் வாய்க்காலைப் பார்க்காமல் படுத்துத் தூங்கியவர், மறுநாள் முழங்கால் தண்ணீரில் நிற்பார்.

புயல் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்று மணிக்கு 31 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50-ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். 89-க்கு மேல் தீவிரப் புயல். பெயர் வைக்காத காற்றழுத்தத்தை அலட்சியம் செய்கிறவர்கள் அதிகம். பெயர் காற்றுக்குத்தான், மழைக்குப் பெயர் கிடையாது. (வெள்ளைக்காரர்கள் சொல்லும் 'சைக்ளோன்' என்ற சொல் பிறந்தது கல்கத்தாவில். 1848-ல் ஹென்றி பிடிங்டன் என்பவர், பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதை உண்டாக்கினார்.)

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு

இப்போது அறிக்கையோடு நிறமும் வருகிறது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே காரியத்தில் இறங்கு.

படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் புரியும். நல்ல ஏற்பாடு. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டும் இப்படிப் பிறந்ததுதான். ஒன்றாம் எண் என்றால் தூரத்துக் கடலில் ஏதோ கிளம்பியிருக்கிறது. பத்தாம் எண் என்றால் பெரும் அபாயம். பதினொன்றாம் எண் என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது! நாகப்பட்டினம் பக்கத்துக் குழந்தைகள் வாய்ப்பாட்டோடு இதையும் தெரிந்து வைத்திருப்பார்கள்.

நிறத்தினால் ஒரு சங்கடமும் உண்டு. மாவட்டத்துக்கு ஆரஞ்சு வந்தால் கலெக்டர் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுகிறார். விடுமுறை விட்ட அன்று பளீரென்று வெயில் அடிக்கிறது. பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். ஊரார் கலெக்டரைக் கேலி செய்கிறார்கள். கலெக்டர் என்ன செய்வார்? விடுமுறை விடாமல் இருந்து மழை பிடித்துக்கொண்டால், கேலியோடு முடியுமா?

மீனவருக்கு இது விளையாட்டு அல்ல. எச்சரிக்கை வந்து கடலுக்குப் போகாமல் இருந்த நாளில் கடல் குளம்போல் கிடந்தால், அன்றைய சம்பாத்தியம் போனதுதான். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை எச்சரிக்கையை மதிக்க மனம் வராது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சும்மா போன எச்சரிக்கைக்குக் கரையில் நின்றவர் கொடுத்த விலையையும் யாராவது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று அதை அவர் ஒருவரே சுமக்கிறார்.

எந்த அறிக்கை, யாருக்கு?

வேதாரண்யத்துக்காரர் எல்லா அறிக்கையையும் படித்துக் குழம்ப வேண்டியதில்லை.

உரம் போடுவதா, மருந்து தெளிப்பதா, அறுப்பதா என்று யோசிக்கும் விவசாயிக்கு, வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வெளிவரும் வேளாண் வானிலை அறிக்கை பொருத்தமானது. இதில் மழையோடு பயிருக்கான யோசனையும் இருக்கும். 'மேகதூத்' என்ற செல்போன் செயலியில் தமிழிலேயே கிடைக்கிறது. மருந்தடிக்க மூன்று நாள் கணக்கு போதும். ஏழாம் நாளைப் பார்த்துக் கூலிக்கு ஆள் சொல்லிவிடக் கூடாது.

கடலுக்குப் போகிறவர் மாவட்ட மழை அறிக்கையைப் பார்ப்பதில் பயனில்லை. மீனவர்களுக்கான எச்சரிக்கை தனியே வருகிறது. அதில் எந்தக் கடல் என்பதைப் படிக்க வேண்டும். "தென்மேற்கு வங்கக் கடல்", "மன்னார் வளைகுடா", "தமிழகக் கடலோரம்" என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார்கள். மன்னார் வளைகுடாவுக்குச் சொன்னது கோடியக்கரைக்கு ஆகாது.

வெட்ட வெளியில் வேலை செய்கிற உப்பளத் தொழிலாளிக்கு மழையைவிடப் பெரிய எதிரி இடி. அங்கே ஒதுங்க மரம் இல்லை. இருந்தாலும் மரத்தடி ஆகாது. 'தாமினி' என்ற செயலி, பக்கத்தில் மின்னல் விழும் அறிகுறி இருந்தால் முன்னதாகச் சொல்கிறது. மேஸ்திரி ஒருவர் செல்போனில் அது இருந்தால், பாத்தியில் நிற்கும் இருபது பேருக்கும் அது காவல்.

கலியாணம் வைத்திருக்கிற வீட்டுக்காரர்? கார்த்திகையில் முகூர்த்தம் வைத்துவிட்டு ஒரு மாதம் முன்பே "அன்றைக்கு மழை வருமா?" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. பந்தலுக்குத் தகரக் கூரை போடச் சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

அறிக்கை வெளியாகும் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை எட்டரை மணிக்கு எல்லா ஊர் மழைமானியையும் பார்த்து அளவெடுத்து, அதை வைத்துக் கணித்து, பகல் வேளையில் புதிய அறிக்கை விடுகிறார்கள். முந்தின நாள் அறிக்கை அதோடு செத்துவிட்டது. ஆனால் முந்தின நாள் படம்தான் செல்போனில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். தேதி பார்க்காமல் அதை நாலு பேருக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. கஜா சமயத்திலும், அதற்குப் பின்னும், வேறு எந்த ஊர்ப் புயல் படத்தையோ நம் ஊர்ப் படம் என்று அனுப்பியவர்களுக்குக் குறைவில்லை.

பொழுது சாய்ந்து கிழக்கே மேகம் கறுத்தால், கோடியக்கரை மீனவர் செல்போனையும் பார்க்கிறார்; கடலையும் பார்க்கிறார். அலை வழக்கத்துக்கு மாறாக நீளமாக, மெதுவாக வந்து கரையில் மோதுகிறதா என்று கவனிக்கிறார். தூரத்தில் புயல் இருந்தால், காற்று வருவதற்கு முன்பே அலை வந்துவிடும் என்பது பாட்டன் காலத்து அறிவு. விஞ்ஞானிகளும் இதை ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றையே சொன்னால், அவர் படகை இன்னும் பத்து அடி மேலே இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்.